பகலில் மனிதனுக்கு, இரவில் குட்டிக்கு!

மங்கோலியாவில் குதிரைப் பால் கறக்கும் குடும்பங்கள்

பசும்பால் தெரியும். எருமைப் பால் தெரியும். ஆட்டுப் பாலும் தெரியும்.

குதிரைப் பால்?

"குதிரையைக் கூடவா கறப்பார்கள்?" என்று சிரிக்கத் தோன்றும். வண்டியில் பூட்டவும், ஏறிச் சவாரி செய்யவும்தானே குதிரை என்று நினைப்போம்.

ஆனால், கோடை முழுவதும் குதிரைப் பாலையே முக்கிய உணவாகக் கொண்ட மக்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். இன்று நேற்று அல்ல; 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் குதிரையைக் கறந்து வருகிறார்கள்.

அவர்கள் வாழும் நாடு மங்கோலியா.

புல்தான் செல்வம்

மங்கோலியா, ரஷியாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் இருக்கிறது. கடல் கிடையாது. பரப்பளவு 15 லட்சத்து 60 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதாவது, தமிழ்நாட்டைப் போல 12 மடங்கு பெரியது!

ஆனால், அங்கே வாழும் ஜனங்கள் எவ்வளவு பேர் தெரியுமா? சுமார் 35 லட்சம் பேர்தான். சென்னை நகரத்தின் ஜனத்தொகைகூட அதைவிட அதிகம். அந்த 35 லட்சம் பேரிலும் ஏறக்குறைய பாதிப்பேர் தலைநகரான உலான் பாதரில் இருக்கிறார்கள்.

மற்ற இடமெல்லாம்? புல்வெளி, மலை, பாலைவனம்!

அங்கே கோடை மிகவும் குறுகியது. மழை குறைவு. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி, 40 டிகிரி என்று குளிர் இறங்கும். நாட்டின் பெரும்பகுதியில் உழுது பயிர் செய்ய முடியாது. புல் ஒன்றுதான் தானாக முளைக்கும்.

புல்லை மனிதன் தின்ன முடியாது. குதிரை தின்னும், மாடு தின்னும், ஆடு தின்னும். அந்தக் கால்நடைகளின் பாலையும் இறைச்சியையும் மனிதன் உண்பான். மங்கோலியாவின் வாழ்க்கை இவ்வளவுதான்.

குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறியாடு, வெள்ளாடு ஆகிய ஐந்தையும் அவர்கள் 'ஐந்து கால்நடை' என்பார்கள். ஐந்திலும் உயர்ந்த மதிப்பு குதிரைக்குத்தான். அந்த நாட்டில் மனிதர்களைவிடக் குதிரைகளே அதிகம்!

தாம்பில் கட்டிய குட்டிகள்

மேய்ப்பர் குடும்பம் ஓர் இடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. புல் இருக்கும் இடம் தேடிப் போகும். கம்பளிக் கூடாரம்தான் வீடு. அதற்கு 'கெர்' என்று பெயர். வட்டமாக இருக்கும். அதைப் பிரித்து வண்டியில் ஏற்றிச் சென்று, வேறு இடத்தில் மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

பெண் குதிரையின் கர்ப்பகாலம் 11 மாதம். வசந்த காலத்தில், பனி உருகிப் புல் தலைகாட்டும்போது குட்டி போடும். ஜூன் மாதம் பாதிக்கு மேல் பால் கறக்கத் தொடங்குவார்கள்.

முதல் வேலை, குட்டிகளைப் பிடிப்பது. குடும்பமே சேர்ந்து பிடிக்கும். கூடாரத்துக்கு அருகில் இரண்டு முளை அடித்து, தரையோடு ஒரு நீண்ட கயிறு கட்டியிருப்பார்கள். நம் ஊர்க் கொட்டிலில் கன்றுகளைத் தாம்பில் கட்டுவதுபோல, குதிரைக் குட்டிகளை அந்தக் கயிற்றில் வரிசையாகக் கட்டுவார்கள்.

இது எதற்காக?

குட்டி இருக்கும் இடத்தை விட்டுத் தாய் அதிக தூரம் போகாது. திறந்த வெளியில் மேயும் குதிரைகளுக்கு வேலி தேவையில்லை. அந்தக் கயிறுதான் வேலி!

இரண்டு மணிக்கு ஒரு தடவை

பசுவைக் காலையிலும் மாலையிலும் கறந்தால் போதும். குதிரை விஷயத்தில் அது நடக்காது.

குதிரைக்கு மடி சிறியது. காம்பு இரண்டுதான். பால் அதில் அதிக நேரம் தேங்கி நிற்காது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கறக்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து அல்லது ஆறு தடவை கறக்கிறார்கள்!

அதுவும் சுலபமான வேலை அல்ல. கறக்க இரண்டு பேர் வேண்டும்.

ஒருவர் குட்டியை அவிழ்த்துத் தாயிடம் கொண்டு வருவார். பெரும்பாலும் இது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. குட்டி இரண்டு வாய் குடிக்கும். தாயின் மடி சுரக்கும். உடனே குட்டியை மெல்ல இழுத்து, தாயின் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். குட்டி கண்ணுக்குத் தெரியாவிட்டால், வாசனை படாவிட்டால், தாய் பாலை அடக்கிக்கொள்ளும்.

இன்னொருவர் ஒரு காலை மண்டியிட்டு உட்காருவார். மறுகாலின் முழங்காலில் வாளி இருக்கும். ஒரு கையைக் குதிரையின் பின்னங்காலைச் சுற்றி வளைத்துக்கொண்டு, இரு கைகளாலும் வேகமாகக் கறப்பார். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். குதிரை உதைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு பாடுபட்டு எவ்வளவு பால் கிடைக்கும்?

ஒரு தடவைக்குக் கால் லிட்டர், அல்லது அரை லிட்டர்! நாள் முழுவதும் கறந்தால் ஒரு குதிரையிடம் சுமார் இரண்டு லிட்டர் கிடைக்கலாம்.

சூரியன் சாயும் நேரத்தில் கறவை நின்றுவிடும். குட்டிகளை அவிழ்த்து விடுவார்கள். அவை துள்ளிக் குதித்துத் தாயிடம் ஓடும். இரவு முழுவதும் தாயோடு மேயும். வேண்டிய மட்டும் பால் குடிக்கும்.

பகல் பால் மனிதனுக்கு. இரவுப் பால் குட்டிக்கு. இதுதான் அங்கே சட்டம். எழுதி வைத்த சட்டம் அல்ல. ஆனால், மீறினால் தண்டனை உண்டு. அந்தத் தண்டனை குளிர்காலத்தில் கிடைக்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

பச்சையாகக் குடித்தால்?

குதிரைப் பால் தண்ணீர்போல் இருக்கும். கொஞ்சம் நீலம் பாய்ந்த வெள்ளை. நாவில் வைத்தால் இனிக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. பசும்பாலில் 100-க்கு 5 பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பால் சர்க்கரை இருக்கிறது. குதிரைப் பாலிலோ 6 பங்குக்கு மேல் இருக்கிறது. கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிடக் குறைவு. தாய்ப்பாலிலும் சர்க்கரை அதிகம், புரதம் குறைவு. ஆகவே, பசும்பாலைவிடக் குதிரைப் பாலும் கழுதைப் பாலும் தாய்ப்பாலுக்குச் சற்று நெருங்கியவை.

ஆனால், அதைப் பச்சையாக நிறையக் குடித்தால் வயிற்றுப்போக்கு வந்துவிடும்! பெரியவர்களான மங்கோலியர்களில் பெரும்பாலோருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைவு.

பின் எப்படிப் பாலை நம்பி வாழ்கிறார்கள்? அதற்குத்தான் புளிக்க வைக்கிறார்கள்.

கதவோரத்தில் தோல் பை

கூடாரத்துக்குள் நுழைந்ததும், கதவுக்கு அருகில் ஒரு பெரிய தோல் பை தொங்கும். மாட்டுத் தோலால் ஆனது. அதில் நீண்ட மரமத்து ஒன்று நிற்கும்.

கறந்த பாலை ஆறவைத்து அந்தப் பையில் ஊற்றுவார்கள். உள்ளே முன்பே உறை இருக்கும். போன வருஷத்துப் பானத்தில் கொஞ்சம் எடுத்துக் குளிர்காலம் முழுவதும் காப்பாற்றி வைத்த உறை அது! வீட்டுக்கு வீடு உறை வேறு. ஆகவே, ருசியும் வீட்டுக்கு வீடு வேறு.

பிறகு கடைய வேண்டும். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. 500 தடவைக்கு மேல்!

வீட்டுக்காரர்கள் மட்டும் கடைவதில்லை. உள்ளே வருகிறவர்கள், வெளியே போகிறவர்கள், விருந்தாளிகள் எல்லோரும் மத்தைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார்கள். அது மரியாதை.

கடையக் கடையப் பாலில் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்னும். சர்க்கரை புளிப்பாக மாறும். கொஞ்சம் வாயு உண்டாகும். கொஞ்சம் சாராயச் சத்தும் உண்டாகும். அது 100-க்கு 2 பங்கு அளவு இருக்கும். நுரை பொங்க, நாக்கைச் சுருக்கென்று பிடிக்கும் பானம் தயார்!

மங்கோலியர் இதை 'ஐராக்' என்கிறார்கள். கஜகஸ்தான், கிர்கிஸ்தான் நாடுகளில் 'குமிஸ்' என்பார்கள். குமிஸ் கடையும் மத்துக்குக் கிர்கிஸ் மொழியில் 'பிஷ்கெக்' என்று ஒரு பெயர். கிர்கிஸ்தான் தலைநகரின் பெயரும் பிஷ்கெக்தான்!

முதல் பாலை மங்கோலியர் தாங்கள் குடிப்பதில்லை. ஒன்பது குழி கொண்ட மரக்கரண்டியால் வானத்தை நோக்கித் தெளிப்பார்கள். ஜூலை மாதத்தில் நடக்கும் 'நாடாம்' திருவிழாவில் குதிரைப் பந்தயம் உண்டு. முதலில் வரும் ஐந்து குதிரைகளுக்கு 'ஐராக் ஐந்து' என்று பெயர். வென்ற குதிரையின்மேல் ஐராக் தெளித்து வாழ்த்துவார்கள்.

தோல் பையில் ஐராக் செய்யும் இந்த முறையை, மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ 2019-ல் பட்டியலில் சேர்த்தது.

மன்னரின் வெள்ளி மரம்

13-ம் நூற்றாண்டில் மங்கோலியர் உலகத்தையே நடுங்க வைத்தார்கள். அப்போது பிரான்சு மன்னர் 9-ம் லூயியின் ஆதரவோடு வில்லியம் ரூப்ருக் என்ற பாதிரியார் 1253-ல் மங்கோலிய நாட்டுக்குப் புறப்பட்டார்.

வழியில் அவருக்குக் குதிரைப் பால் பானம் கொடுத்தார்கள். முதல் வாய் குடித்ததும் பாதிரியாருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது! பிறகு அதன் ருசி அவருக்குப் பிடித்துப் போயிற்று. குட்டிகளை நீண்ட கயிற்றில் கட்டி வைத்துக் கறப்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார். 770 ஆண்டுகளுக்குப் பிறகும் முறை மாறவில்லை.

தலைநகரான காரகோரத்தில் மாங்கே மன்னரின் அரண்மனை இருந்தது. அதன் வாசலில் வெள்ளியால் ஆன ஒரு மரம் நின்றது. பாரிசு நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் செய்தது. மரத்தின் அடியில் நான்கு வெள்ளிச் சிங்கங்கள். அவற்றின் வாயிலிருந்து குதிரைப் பால் கொட்டியதாம்!

டால்ஸ்டாய் குடித்த பால்

19-ம் நூற்றாண்டில் காசநோய்க்கு மருந்து கிடையாது. குதிரைப் பால் குடிக்கும் மேய்ப்பர்களுக்குக் காசநோய் வருவதில்லை என்று ரஷியாவில் பலர் நம்பினார்கள். போஸ்ட்னிகோவ் என்ற டாக்டர், 1858-ல் சமாரா நகருக்கு அருகே குமிஸ் சிகிச்சை விடுதி தொடங்கினார்.

எழுத்தாளர் டால்ஸ்டாய்க்கு அண்ணன்கள் மூவர். அவர்களில் இருவரைக் காசநோய் கொண்டுபோயிற்று. தனக்கும் வந்துவிடுமோ என்று பயந்த டால்ஸ்டாய், 1862-ல் சமாரா புல்வெளிக்குப் போய்க் குமிஸ் குடித்தார். இடம் பிடித்துப்போய், பின்னால் அங்கே நிலமே வாங்கிவிட்டார்.

இன்னோர் எழுத்தாளரான செகாவ், 1901-ல் கல்யாணம் ஆன கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு குமிஸ் குடிக்கப் போனார். எடை கூடியது. ஆனால், நோய் போகவில்லை. 1904-ல் காசநோயால் இறந்துபோனார்.

நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள ஆகாரம் ஆகியவை நோயாளிக்குத் தெம்பு தந்தன. நோயைக் கொல்லும் சக்தி பாலுக்கு இல்லை. அந்தச் சக்தி கொண்ட ஸ்டிரெப்டோமைசின் மருந்து 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

கழுதைப் பால் கதை

குதிரைக்கு நெருங்கிய உறவு கழுதை. இரண்டின் பாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. கழுதையும் குட்டி பக்கத்தில் இருந்தால்தான் நன்றாகச் சுரக்கும். அதன் பாலும் கொஞ்சம்தான்.

தமிழ்நாட்டுத் தெருக்களில் கழுதையை ஓட்டி வந்து, அங்கேயே கறந்து, சங்களவு பால் விற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். குழந்தைக்குக் குரல் வளம் வரும், சீர் தட்டாது என்று தாய்மார்கள் வாங்கிக் கொடுப்பதுண்டு. ஆனால், பிறந்த 6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதே டாக்டர்களின் அறிவுரை. காய்ச்சாத பால் எதுவானாலும் நோய்க் கிருமி இருக்கலாம்.

பசும்பால் ஒவ்வாத குழந்தைகளுக்குக் கழுதைப் பால் ஒத்துக்கொள்கிறதா என்று இத்தாலிய டாக்டர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களில் பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொண்டது. செர்பியா நாட்டில் சாசாவிட்சா என்ற இடத்தில் கழுதைப் பாலில் பாலாடைக்கட்டி செய்து, மிக உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள்.

இந்தியாவில் 2012-ல் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் கழுதைகள் இருந்தன. 2019 கணக்கில் அது சுமார் 1 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. பொதி சுமக்க வண்டி வந்துவிட்டால், கழுதையை யார் வளர்ப்பார்கள்?

பள்ளிக்கூடம் திறந்தால்...

மங்கோலியாவிலும் கவலை இருக்கிறது.

செப்டம்பர் 1-ந் தேதி அங்கே பள்ளிக்கூடங்கள் திறக்கும். மேய்ப்பர் வீட்டுப் பிள்ளைகள் சிற்றூர்ப் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விடுவார்கள். சிறு பிள்ளைகளுக்குத் துணையாகத் தாயும் போய்த் தங்குவது உண்டு.

கறவைக் காலம் அப்போது முடிந்திருக்காது. குட்டி பிடிக்கும் கைகள் போய்விட்டன. கறக்கும் கைகளும் போய்விட்டன. இரண்டு மணிக்கு ஒரு தடவை யார் கறப்பது?

பிள்ளைகள் படிக்க வேண்டும். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. படித்த பிள்ளைகள் நகரத்தில் வேலை தேடுகிறார்கள். புல்வெளியில் கிழவனும் கிழவியும் மிஞ்சுகிறார்கள்.

இருந்தாலும் ஐராக் வீட்டுக்குக் காசு கொண்டு வருகிறது. வெள்ளாட்டு ரோமம் விற்ற பணம் வருஷத்தில் ஒரு தடவைதான் வரும். ஐராக் பணமோ கோடை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். சாலையோரத்தில் விற்கிறார்கள், நகரத்துக்கும் அனுப்புகிறார்கள். புல்கான் மாகாணத்து ஐராக் என்றால் தலைநகரத்தில் தனி மதிப்பு.

பணம் வருகிறதே என்று ஆசைப்பட்டுக் கூடுதலாகக் கறந்தால்? இங்கேதான் அந்தத் தண்டனை வருகிறது.

எமனாக வரும் பனி

மங்கோலியக் குதிரைக்கு லாயம் கிடையாது. குளிர்காலத்திலும் வெட்டவெளியில்தான் நிற்கும். குளம்பால் பனியைத் தோண்டி, அடியில் இருக்கும் காய்ந்த புல்லைத் தின்னும். கோடையில் உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதைக் காப்பாற்றும்.

சில வருஷங்களில் கோடை பொய்த்து, புல் கருகிவிடும். அதைத் தொடர்ந்து கடுங்குளிர் வரும். இந்த ஆபத்துக்கு 'ஸுட்' என்று பெயர். பனி ஆழமாக விழுந்து புல்லை மூடினால் 'வெள்ளை ஸுட்'. பனியே விழாமல், குடிக்க நீர் இல்லாமல் போனால் 'கருப்பு ஸுட்'. பனி உருகி, மறுபடி உறைந்து பாறையாகிவிட்டால் 'இரும்பு ஸுட்'. அப்போது குளம்பால் தோண்டவும் முடியாது.

2009-2010 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. 2023-2024 குளிர்காலத்தில் 70 லட்சத்துக்கு மேல்! ஒரே குளிர்காலத்தில் மந்தை முழுவதையும் இழந்த குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தலைநகரத்தின் ஓரத்தில் குடியேறினார்கள்.

1940-க்குப் பிறகு மங்கோலியாவின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. வறட்சியும், அதன்பின் வரும் கொடிய குளிரும் முன்னைவிட அடிக்கடி வருகின்றன.

கோடையில் பால் போதாமல் வளர்ந்த குட்டி இந்தக் குளிரைத் தாங்காது. வயிற்றில் அடுத்த குட்டியைச் சுமக்கும் தாயும் தாங்காது. ஆகவே இலையுதிர் காலம் வந்ததும் விவரம் தெரிந்த மேய்ப்பர் கறவையை நிறுத்திவிடுவார். விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் சரி, கயிற்றைச் சுருட்டி வைத்துவிடுவார்.

இன்றைக்கு அரை லிட்டர் கூடுதலாகக் கறந்தால், அடுத்த கோடையில் கறக்கக் குதிரையே இல்லாமல் போகலாம். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கறவை நின்ற பிறகு, பையில் கடைசியாக இருக்கும் பானத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, உறைக்காகப் பத்திரப்படுத்துவார்கள். வெளியே பனி கொட்டும். குதிரைகள் இருட்டில் நின்று பனியைத் தோண்டிக்கொண்டிருக்கும். கூடாரத்துக்குள் அந்த உறை காத்திருக்கும்.

குட்டிகள் பிழைத்து வந்தால், அடுத்த ஜூன் மாதத்தில் மீண்டும் முளை அடிப்பார்கள், கயிறு கட்டுவார்கள். பகலில் மனிதனுக்கு, இரவில் குட்டிக்கு என்ற பழைய பங்கீடு மறுபடியும் தொடங்கும்!